ஹெர்ப்பிஸ் ரத்தச் சோதனை: 1.8 என்று வந்தால் என்ன பொருள்?

சாஆ மக்களுக்கு ரத்தப் பரிசோதனை புதிதல்ல. யோங் பெங்கிலிருந்து லாபிஸ் போகும் பழைய நெடுஞ்சாலையில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் இந்தச் சிற்றூர் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் சிகாமட் மாவட்டத்தைச் சேர்ந்தது. மோனாஷ் பல்கலைக்கழகம் 2011இல் இந்த மாவட்டத்தில் ஒரு சுகாதாரக் கண்காணிப்புத் திட்டத்தைத் தொடங்கியபோது எடுத்துக்கொண்ட ஐந்து முக்கிம்களில் (மாவட்டத்தின் உட்பிரிவுகளில்) சாஆவும் ஒன்று. வீடு வீடாக வந்து பிரஷர் பார்த்தார்கள், விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள், எழுதிக்கொண்டு போனார்கள். அதனால் தோட்டத்துப் பாட்டிக்கும் சில எண்கள் மனப்பாடம். சர்க்கரை 5 என்றால் நிம்மதி, 11 என்றால் கவலை. பிரஷர் 120 என்றால் சரி, 160 என்றால் மாத்திரை. எண் ஏற ஏற நோயும் ஏறுகிறது என்பதே நாம் பழகிய கணக்கு.

ஹெர்ப்பிஸ் ரத்தச் சோதனையில் வரும் எண் இந்தக் கணக்குக்குள் அடங்காது. 1.8 வந்தவரைவிட 8 வந்தவருக்கு நோய் முற்றியிருக்கிறது என்று பொருளில்லை. 8 வந்தவர் அதிகமாகப் பரப்புவார் என்றும் பொருளில்லை. அது, கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளைச் சோதனைக் கருவி எவ்வளவு தெளிவாகக் கண்டது என்பதைக் காட்டும் குறியீடு. எண் சிறியதாக இருந்தால், கருவி கண்டது உண்மையாகவே ஹெர்ப்பிஸ் எதிர்ப்பொருள்தானா என்பதே சந்தேகத்துக்கு உள்ளாகிறது. உடம்பில் ஒரு புண்ணும் வராத ஆளிடம் இந்தச் சோதனையைச் செய்தால் குழப்பம் இன்னும் கூடும். அந்தக் குழப்பத்தில் எவ்வளவு தீரும், எவ்வளவு தீராது என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

ஒரு தாளை எடுத்துக்கொள்வோம். சாஆவில் பிறந்து ஜொகூர் பாருவில் வேலை பார்க்கும் 29 வயதுப் பையன். கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாமே என்று தனியார் ஆய்வுக்கூடம் ஒன்றில் ‘ஃபுல் செக்கப்’ எடுத்தான். ஆள் கற்பனை, தாள் அப்படியொன்றும் கற்பனை இல்லை. கொழுப்பு, கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் முடிந்து கடைசிப் பக்கத்தில் மூன்று வரிகள். ஹெச்எஸ்வி-1 ஐஜிஜி: பாசிட்டிவ். ஹெச்எஸ்வி-2 ஐஜிஜி: 1.8, பாசிட்டிவ். ஐஜிஎம்: ஐயத்துக்குரியது. தாளை எடுத்துக்கொண்டு ஊர் கிளினிக்குக்கு வந்து, மிஸ்ஸி என்று நாம் கூப்பிடும் தாதியிடம் கேட்கிறான்.

“மிஸ்ஸி, பாசிட்டிவ்னு போட்டிருக்கே. அப்ப எனக்கு இருக்கா?”

“எதுக்குத் தம்பி இந்த டெஸ்ட் எடுத்தீங்க?”

“பேக்கேஜ்ல சேர்ந்து வந்துச்சு.”

அந்தப் பதிலைப் பிறகு பார்ப்போம். முதலில் மூன்று வரிகளையும் வரிசையாகப் படிக்கலாம்.

ஹெச்எஸ்வி என்பது ஹெர்ப்பிஸ் வைரஸின் சுருக்கப் பெயர். அதில் ஹெச்எஸ்வி-1 பெரும்பாலும் வாயோரத்தில் கொப்புளமாக வரும் வகை. காய்ச்சல் வந்தால், வெயிலில் அலைந்தால், உதட்டோரம் நீர்க்கொப்புளம் போட்டுப் பொருக்குத் தட்டிப் போகிறதே, அதுதான். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுக் கணக்கின்படி 50 வயதுக்கு உட்பட்டவர்களில் சுமார் 380 கோடிப் பேருக்கு, அதாவது 64 விழுக்காட்டினருக்கு, இந்தக் கிருமி உடம்பில் உண்டு. பலருக்கு இது சிறுவயதில், வீட்டுப் பெரியவர்கள் கொஞ்சியதில் வந்திருக்கும். அதே வகை பிறப்புறுப்பிலும் தொற்றலாம். ஆனால் ரத்தம் எந்த இடத்தில் தொற்று என்று சொல்லாது. ஆகவே முதல் வரி பாசிட்டிவ் என்பதை வைத்துப் பையனின் நடத்தையைப் பற்றி ஒரு முடிவுக்கும் வர முடியாது. உலகில் மூன்றில் இரண்டு பங்குப் பேரோடு அவனும் ஒருவன், அவ்வளவே. (அக்கி என்று நாம் சொல்வது வேறு வைரஸின் வேலை. சின்னம்மைக் கிருமி பல ஆண்டு கழித்து எழுந்து வருவது அது. இந்தச் சோதனைக்கும் அதற்கும் தொடர்பில்லை.)

மூன்றாவது வரியை அடித்துவிடலாம். எதிர்ப்பொருளில் ஐஜிஎம் வகை என்றால் புதுத் தொற்று, ஐஜிஜி வகை என்றால் பழைய தொற்று என்று படித்தவர்களும் நம்புகிறார்கள். வேறு சில நோய்களில் அது ஓரளவு பொருந்தும், ஹெர்ப்பிஸில் பொருந்தாது. ஐஜிஎம் சோதனை இரண்டு வகைகளையும் பிரித்துக் காட்டாது. பழைய தொற்று மறுபடி கிளம்பும்போதும் அது பாசிட்டிவ் ஆகும். தொற்றே இல்லாதவரிடமும் ஆகும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி அதைப் பயன்படுத்த வேண்டாம் என்றே சொல்கிறது. இருந்தும் பேக்கேஜ்களில் அது இன்னும் இருக்கிறது. அது இருக்கும் வரை, “உனக்கு இப்பத்தான் வந்திருக்கு, எங்க போயிருந்த?” என்ற சண்டையும் சில வீடுகளில் இருக்கும். அந்தச் சண்டைக்கு ரத்தத்தில் ஆதாரம் கிடையாது. தொற்று எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்பதை ஒருமுறை எடுத்த எந்த ஹெர்ப்பிஸ் ரத்தச் சோதனையும் சொல்லாது.

மிச்சம் இருப்பது நடு வரி. பெரும்பாலும் பிறப்புறுப்பில் வரும் வகையான ஹெச்எஸ்வி-2, 1.8. கதை முழுவதும் இங்கேதான்.

இரண்டு வகைகளும் ஒன்றுக்கொன்று மிக நெருங்கியவை. 1960களில்தான், ஜெர்மனியில் ஷ்னெவைஸும் அமெரிக்காவில் நாமியாஸும் டௌடிலும் அவற்றைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார்கள். இரண்டின் புரதங்களும் பெரும்பாலும் ஒத்துப்போவதால், ஒன்றுக்கு உண்டான எதிர்ப்பொருள் மற்றதன் மேலும் ஒட்டிக்கொள்ளும். பழைய சோதனைகள் முழு வைரஸையும் வைத்துப் பார்த்ததால் வகை பிரிக்க முடியாமல் திணறின. பிறகு கிளைக்கோபுரோட்டீன் ஜி என்ற ஒரு புரதம் இரண்டு வகைகளிலும் போதுமான அளவு வேறுபடுவதைக் கண்டார்கள். 1990களின் இறுதியிலிருந்து வணிகச் சோதனைகள் அதன் மேல் கட்டப்பட்டன. தாளில் ‘ஹெச்எஸ்வி 1/2’ என்று சேர்த்துப் போட்டு ஒரே முடிவு கொடுத்திருந்தால் அது வகை பிரிக்காத சோதனை. அந்த முடிவை வைத்து யாரும் தூக்கம் கெடத் தேவையில்லை. நம் பையனுடைய தாளில் தனித்தனியாக இருக்கிறது, ஆக அது வகை பிரிக்கும் சோதனை. நல்லது. ஆனால் அங்கேயும் முழு நிம்மதி இல்லை.

பரவலாகப் புழங்கும் இத்தகைய சோதனை ஒன்றில் 0.9க்குக் கீழே நெகட்டிவ், 0.9 முதல் 1.1 வரை ஐயத்துக்குரியது, அதற்கு மேல் பாசிட்டிவ். கோடு இப்படிப் போடப்பட்டிருப்பதால் 1.8க்கும் 18க்கும் தாளில் ஒரே சொல்தான் அச்சாகிறது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல என்பது பல ஆண்டுகளாகத் தெரிந்த விஷயம். உகாண்டாவில் இந்தச் சோதனையைப் பயன்படுத்திய ஆய்வாளர்கள் பொய்ப் பாசிட்டிவ்களால் சலித்துப்போய், கோட்டையே 3க்கு மேலே உயர்த்திக்கொண்டார்கள். சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம் வெஸ்டர்ன் பிளாட் என்ற நுணுக்கமான சோதனையை வைத்திருக்கிறது. வைரஸின் பல புரதங்களைப் பிரித்து விரித்து, எதிர்ப்பொருள் எதன் மேல் எல்லாம் ஒட்டுகிறது என்று பார்ப்பது அது. ஹெர்ப்பிஸ் ரத்தச் சோதனைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுகோலாக அதைத்தான் கருதுகிறார்கள். அதோடு ஒப்பிட்ட ஓர் ஆய்வில், வணிகச் சோதனையின் ஹெச்எஸ்வி-2 குறிப்புத்தன்மை 57.4 விழுக்காடுதான் இருந்தது. தொற்று இல்லாதவரிடம் ‘இல்லை’ என்று சரியாகச் சொல்லும் திறனைத்தான் குறிப்புத்தன்மை என்கிறோம். எண் 1.1க்கும் 2.9க்கும் இடையில் இருந்தால் அது 39.8 விழுக்காடாக இறங்கியது என்று சிடிசியின் 2021 வழிகாட்டி எடுத்துச் சொல்லி, 3க்குக் கீழே வந்த எந்த முடிவையும் வேறு முறைச் சோதனையால் உறுதிசெய்யாமல் நோயாளியிடம் சொல்ல வேண்டாம் என்கிறது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவும் 2023இல் இந்தப் பொய்ப் பாசிட்டிவ் அபாயத்தைப் பற்றி மருத்துவர்களுக்கு எச்சரிக்கை அனுப்பியது.

இங்கே ஒரு எச்சரிக்கை. 57.4 என்ற எண்ணைப் பார்த்து, இந்தச் சோதனை நாணயம் சுண்டுவதைவிடக் கொஞ்சம் மேல் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வெஸ்டர்ன் பிளாட்டுக்கு ரத்தம் அனுப்புகிறவர்கள் யார்? முதல் முடிவில் ஏதோ இடிக்கிறது என்று நினைத்தவர்கள். சந்தேகப்பட்டவர்களை மட்டும் கூட்டிவைத்துப் பார்த்தால் தவறு அதிகமாகத்தான் தெரியும். பொதுமக்கள் நடுவே சோதனை இதைவிட நன்றாக இயங்கும். ஆனால் நம் பையனும் சந்தேகப்பட்டவர்களில் ஒருவன்தான் என்பதையும் மறக்க வேண்டாம். அவனுக்கு ஹெச்எஸ்வி-1 பாசிட்டிவ் என்பதும் சேர்ந்துகொள்கிறது. முதல் வகையின் எதிர்ப்பொருள் ஏற்கெனவே உடம்பில் இருப்பவர்களிடம் இரண்டாம் வகைப் பொய்ப் பாசிட்டிவ் கூடுதலாக வருகிறது என்று அதே வகை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

சரி, பொதுமக்களிடம் நன்றாக இயங்குகிறது என்று வைத்துக்கொண்டாலும் என்ன ஆகிறது? அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2016இல் ஒரு கணக்குப் போட்டது. 10,000 பேர். அவர்களில் 15 விழுக்காட்டினருக்கு ஹெச்எஸ்வி-2 உண்டு. சோதனை தொற்று உள்ளவர்களில் 99 விழுக்காட்டினரைச் சரியாகப் பிடிக்கிறது, இல்லாதவர்களில் 83 விழுக்காட்டினரைச் சரியாக விடுவிக்கிறது. அப்போது உண்மையான பாசிட்டிவ் 1,485, பொய்யான பாசிட்டிவ் 1,445. கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி. தொற்று 15 விழுக்காடு இல்லாமல் 3 விழுக்காடு மட்டுமே உள்ள ஒரு கூட்டத்தில் அதே சோதனையைச் செய்தால் உண்மை 297, பொய் 1,649. பாசிட்டிவ் வந்த ஆறு பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு மட்டுமே நிஜமாகத் தொற்று. கருவி மாறவில்லை. கூட்டம் மாறியது, அவ்வளவுதான். இந்தக் கணக்கையும், பாசிட்டிவ் என்று தெரிந்தபின் மனத்தில் ஏற்படும் தீங்கையும் எடைபோட்டு, அறிகுறி இல்லாத இளையவர், பெரியவர், கர்ப்பிணி யாருக்கும் இந்த ரத்தச் சோதனையை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்று பணிக்குழு பரிந்துரைத்தது. 2023இல் அதையே மீண்டும் உறுதிப்படுத்தியது. ஐரோப்பிய வழிகாட்டிகளும் இதே பக்கம்தான்.

இதைப் படித்துவிட்டு, அறிகுறி இல்லாவிட்டால் ஒன்றுமில்லை என்று எண்ணினால் அது இன்னொரு பக்கத்துப் பிழை. உண்மையாகவே ஹெச்எஸ்வி-2 இருப்பவர்களில் பெரும்பாலோருக்குத் தங்களுக்கு இருப்பது தெரியாது. அமெரிக்க தேசிய ஆய்வு ஒன்றில், ரத்தத்தில் தொற்று உறுதியான 14 முதல் 49 வயதினரில் சுமார் 87 விழுக்காட்டினருக்கு எந்த மருத்துவரும் இதைச் சொல்லியிருக்கவில்லை. 2011இல் வெளியான ஒரு ஆய்வில், அறிகுறியே தெரியாத ஹெச்எஸ்வி-2 ஆட்களிடம் தினமும் ஸ்வாப் எடுத்துப் பார்த்தார்கள். நூற்றில் பத்து நாள் அவர்கள் தோலிலிருந்து வைரஸ் வெளிவந்துகொண்டிருந்தது. அறிகுறி உள்ளவர்களிடம் அது நூற்றில் இருபது நாள். அறிகுறி இல்லை என்பது பாதி ஆறுதல், முழு ஆறுதல் அல்ல. அரிப்பு, சின்னக் கீறல், வேர்வைக் கொப்புளம், தோல் உரசல் என்று தள்ளிவிட்டது கூட சிலருக்கு அதுவாகவே இருந்திருக்கும்.

ஆகவே நடு வரியை வைத்து மட்டும் பையனுக்கு இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாது. அவனைப் பற்றிச் சிலவற்றைத் தெரிந்துகொண்டால் சொல்ல முடியும், குறைந்தது எந்தப் பக்கம் சாய்கிறது என்றாவது சொல்ல முடியும். இங்கேதான் மிஸ்ஸியின் கேள்வி வருகிறது. எதுக்கு இந்த டெஸ்ட்? அவன் இதுவரை யாரோடும் உடலுறவே கொண்டதில்லை என்றால், 1.8 என்பது ஏறக்குறைய நிச்சயமாகப் பொய்ப் பாசிட்டிவ். அவனோடு இரண்டு வருடம் உறவில் இருந்த ஒருவருக்குப் பிறப்புறுப்பு ஹெர்ப்பிஸ் என்று மருத்துவர் சொல்லியிருந்தால், அதே 1.8ஐ அலட்சியப்படுத்த முடியாது. போன மாதம்தான் ஒரு புது உறவு என்றால், 1.8 என்பது எதிர்ப்பொருள் மெல்ல ஏறிவரும் ஆரம்பக் கட்டமாகக்கூட இருக்கலாம். தாளில் ஒரே எண், மூன்று கதை. ஆய்வுக்கூடத்துக்கு ரத்தம் மட்டும்தான் போகிறது, கதை போவதில்லை. அறிகுறி இல்லாதவரின் ஹெர்ப்பிஸ் சோதனையில் பாதிப் பதில் அந்தக் கதையில் இருக்கிறது என்பதே என் வாதம். அதைக் கேட்காமல் விற்கப்படும் எந்தப் பேக்கேஜும் பாதிப் பதிலைத்தான் விற்கிறது.

மலேசியாவில் இதற்கு ஒரு நல்ல எதிர் உதாரணம் இருக்கிறது, அதுவும் ஜொகூரிலிருந்தே. 2001இல் முஸ்லிம் ஜோடிகளுக்குக் கல்யாணத்துக்கு முன் எச்ஐவி சோதனையைக் கட்டாயமாக்கிய முதல் மாநிலம் ஜொகூர். பிறகு மற்ற மாநிலங்களும் அதே வழிக்கு வந்தன. கட்டாயப்படுத்துவது சரியா என்பது தனி விவாதம், அதில் எனக்கும் தயக்கம் உண்டு. ஆனால் சோதனையின் அமைப்பைப் பாருங்கள். முதல் சோதனை பாசிட்டிவ் ஆனால் அதோடு நிறுத்துவதில்லை. வேறு சோதனையால் உறுதிசெய்த பிறகே முடிவு. சிபிலிஸும் அப்படியே. இந்த இரண்டுக்கும் கர்ப்பிணிகள் எல்லாரையும் சோதிக்கிறோம். ‘பிங்க் புத்தகம்’ தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போன எந்தத் தாய்க்கும் இது தெரியும். சோதித்து, உறுதிசெய்து, மருந்து கொடுத்ததன் பலனாக, தாயிடமிருந்து குழந்தைக்கு எச்ஐவியும் சிபிலிஸும் பரவுவதை ஒழித்த நாடு என்று உலகச் சுகாதார நிறுவனம் 2018 அக்டோபரில் மலேசியாவுக்குச் சான்று தந்தது. மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் முதல் நாடு. சோதனை நல்ல கருவியாக இருக்க வேண்டுமானால் மூன்று வேண்டும்: பிழையைத் திருத்தும் இரண்டாவது சோதனை, பாசிட்டிவ் ஆனால் செய்யத்தக்க ஒரு காரியம், அந்தக் காரியத்தால் வரும் பலன். எச்ஐவிக்கும் சிபிலிஸுக்கும் மூன்றும் உண்டு. அறிகுறியில்லாத ஹெர்ப்பிஸுக்கு முதலாவது பெரும்பாலான இடங்களில் கைக்கெட்டாதது. மற்ற இரண்டும் மெலிந்தவை. 1988ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டத்தின்படி அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சிபிலிஸ் உண்டு, கொனோரியா உண்டு, எச்ஐவி உண்டு, ஹெர்ப்பிஸ் இல்லை. அது இல்லாததை நோய் அற்பமானது என்று படிக்க வேண்டாம். பொதுச் சோதனைக்கு ஏற்ற நோயாக யாரும் அதைக் கருதவில்லை என்று படிக்கலாம். இந்து ஜோடிகளின் திருமணப் பதிவுக்கு எந்த ரத்தச் சோதனையும் கேட்கப்படுவதில்லை என்பதையும், பதிவுக்கு ஹெர்ப்பிஸ் முடிவு வேண்டும் என்று நினைத்து ஓடுகிற சிலருக்காகச் சொல்லிவைக்கிறேன்.

செய்யத்தக்க காரியம் மெலிந்தது என்றேன், ஏன்? வாலசைக்ளோவிர் மாத்திரையைத் தினமும் சாப்பிட்டால் துணைக்குப் பரவுவது ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது என்று 2004இல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. ஆனால் அதில் சேர்ந்தவர்கள் எல்லாருக்கும் மறுபடி மறுபடி பிறப்புறுப்புப் புண் வரும் வழக்கம் இருந்தது. அறிகுறியே இல்லாமல், ரத்தத்தில் மட்டும் 1.8 வந்த ஆளுக்கு அந்தப் பலன் அப்படியே கிடைக்கும் என்று சொல்ல அந்த ஆய்வு உதவாது. ஆணுறை பரவலைக் குறைக்கும், முழுதாகத் தடுக்காது. எப்போதும் தவறாமல் அணிகிறவர்களுக்கு ஹெச்எஸ்வி-2 வரும் வாய்ப்பு 30 விழுக்காடு குறைந்தது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கு ஒன்று உண்டு. தடுப்பூசி இன்னும் இல்லை. ஹெச்எஸ்வி-2 இருப்பவருக்கு எச்ஐவி தொற்றும் வாய்ப்பு சுமார் மூன்று மடங்கு கூடுகிறது என்பது உண்மை, ஆகவே எச்ஐவி ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்குச் சில மருத்துவர்கள் இந்தச் சோதனையைச் சொல்வதில் நியாயம் உண்டு. துணைக்கு ஹெர்ப்பிஸ் என்று உறுதியாகத் தெரிந்தவர்களுக்கும், விளங்காத புண்கள் திரும்பத் திரும்ப வந்தும் ஸ்வாப்பில் ஒன்றும் அகப்படாதவர்களுக்கும் அதேபோல. நம் பையன் இந்த மூன்று கூட்டத்திலும் இல்லை.

அவன் இப்போது என்ன செய்யலாம்? முதல் வேலை, கடைசியாகத் தொற்று வாய்ப்பு எப்போது இருந்தது என்று எண்ணிப் பார்ப்பது. எதிர்ப்பொருள் உருவாகச் சில வாரங்கள் பிடிக்கும். பெரும்பாலோருக்குப் பன்னிரண்டு வாரத்துக்குள் தெளிவாகத் தெரிந்துவிடும். அந்தக் காலம் கடக்கவில்லை என்றால் கடந்த பிறகு மறுபடி சோதிக்கலாம், முடிந்தால் அதே ஆய்வுக்கூடத்தில். இடம் மாறினால் கருவி மாறும், எண்களை ஒப்பிட முடியாது. 1.8 வந்தவருக்கு அடுத்த முறை 5, 6 என்று ஏறினால் அது உண்மையான புதுத் தொற்றைக் காட்டும். 1.7, 1.9 என்று அங்கேயே சுற்றினால், அல்லது இறங்கினால், பொய்ப் பாசிட்டிவ் என்ற பக்கமே வலுவாகும். பன்னிரண்டு வாரம் எப்போதோ கடந்துவிட்டது என்றால் காத்திருப்பதில் பெரிய லாபமில்லை. வேறு முறையில் அமைந்த இரண்டாவது சோதனை வேண்டும். வெஸ்டர்ன் பிளாட்டுக்காகச் சாஆவிலிருந்து சியாட்டிலுக்கு ரத்தம் அனுப்புவது நடக்கிற காரியமில்லை. வேறு நிறுவனத்தின் வகை பிரிக்கும் சோதனையை ஜொகூர் பாருவிலோ கோலாலம்பூரிலோ கேட்டுப் பார்க்கலாம். அதிலும் ஒரு சிக்கல்: பெரும்பாலான சோதனைகள் அதே கிளைக்கோபுரோட்டீன் ஜியை வைத்தே இயங்குவதால், முதல் சோதனையை ஏமாற்றியது இரண்டாவதையும் ஏமாற்றக்கூடும். இரண்டும் பாசிட்டிவ் என்றால் தொற்று இருப்பதற்கான வாய்ப்பு கூடும், முடிந்த முடிவாகாது. இரண்டாவது நெகட்டிவ் என்றால் அவன் பெருமளவு நிம்மதி அடையலாம்.

ரத்தத்தைவிட நம்பத்தக்க வழி ஒன்று இருக்கிறது, அதற்குப் புண் வேண்டும். எப்போதாவது பிறப்புறுப்பிலோ பக்கத்திலோ கொப்புளமோ கீறலோ வந்தால் ஓரிரு நாளுக்குள், அது காய்வதற்கு முன், கிளினிக்குக்குப் போய் ஸ்வாப் எடுக்கச் சொல்லலாம். பார்மசியில் வாங்கின அசைக்ளோவிர் கிரீமைப் பூசிவிட்டுப் போனால் கண்டுபிடிக்கும் வாய்ப்பு குறையும். பிசிஆர் சோதனை கிருமியையே பிடித்து வகையையும் சொல்லிவிடும். புண் இல்லாத தோலில் ஸ்வாப் எடுத்து நெகட்டிவ் வந்தால் அதற்குப் பொருளில்லை, வைரஸ் எல்லா நாளும் வெளிவருவதில்லையே. சிறு ஊர் கிளினிக் எடுத்த ஸ்வாப்பும் பெரிய ஆய்வுக்கூடத்துக்குத்தான் போகும். மலேசிய அரசு மருத்துவமனைகளில் பால்வினை நோய்களைப் பெரும்பாலும் தோல் பிரிவே கவனிக்கிறது. ‘தோல் டாக்டர்’ என்று சொல்லி வீட்டில் கிளம்பலாம் என்பது அதில் ஒரு சின்ன வசதி.

கர்ப்ப காலத்தில் இந்தக் குழப்பம் வேறொரு வடிவம் எடுக்கிறது. கருக்கலைவுக்குப் பிறகு ‘டார்ச்’ என்ற பெயரில் ஒரு கட்டுச் சோதனையை எழுதிக்கொடுக்கும் பழக்கம் தமிழ்நாட்டிலும் உண்டு, மலேசியாவிலும் உண்டு. அந்தப் பெயரை 1971இல் வைத்தவரும் மேலே சொன்ன அதே நாமியாஸ்தான். அதில் ஹெர்ப்பிஸ் ஐஜிஎம் பாசிட்டிவ் என்று வந்தால் போதும், குழந்தை தங்காததற்கு மருமகளின் ரத்தத்தில் காரணம் கிடைத்துவிட்டதாக வீடு முடிவுசெய்துவிடும். மேலே சொன்ன காரணங்களால் அந்த ஐஜிஎம்மை வைத்து அந்த முடிவுக்கு வர முடியாது. ஹெர்ப்பிஸால் குழந்தைக்கு உண்மையான ஆபத்து பிரசவ நேரத்தில்தான். பிரசவத்துக்கு நெருங்கிய வாரங்களில் முதன்முறையாகத் தொற்றினால் குழந்தைக்குப் பரவும் வாய்ப்பு 30 முதல் 50 விழுக்காடு வரை போகும். பழைய தொற்று உள்ள தாய்க்கு அது 1 விழுக்காட்டுக்கும் குறைவு. ஆகவே கர்ப்பிணியிடம் கேட்க வேண்டியது, கணவருக்கு இந்த நோய் உண்டா, கடைசி மூன்று மாதத்தில் என்ன கவனம், பிரசவ வலி எடுக்கும்போது புண்ணோ அதற்கு முந்தைய எரிச்சலோ இருக்கிறதா என்பவை. இருந்தால் அறுவைப் பிரசவம்.

கடைசியாகக் கல்யாணப் பெண்ணுக்குச் சொல்வதா என்பது. உறுதியான ஹெர்ப்பிஸ் இருந்தால் சொல்ல வேண்டும், அதில் எனக்கு இரண்டு கருத்தில்லை. அவளுக்கும் அவள் உடம்பைப் பற்றி முடிவெடுக்க உரிமை உண்டு. ஆனால் உறுதிப்படாத 1.8ஐ எடுத்துக்கொண்டுபோய்ப் பெண் வீட்டில் வைத்தால், அங்கே அது 1.8 ஆகப் படிக்கப்படாது. ‘பாசிட்டிவ்’ என்ற ஒரே சொல்லாகத்தான் படிக்கப்படும். 1982இல் அமெரிக்காவின் ‘டைம்’ இதழ் ஹெர்ப்பிஸை அட்டைப்படக் கட்டுரையாக்கிக் கிளப்பிய பீதியின் மிச்சம் நம் ஊர்களிலும் இருக்கிறது. கோயில் மண்டபத்தில் நாலு பேர் காதில் விழுந்தால் போதும். என் யோசனை, இரண்டாவது சோதனை முடிந்து மருத்துவரோடு ஒருமுறை உட்கார்ந்து பேசிய பிறகு, அவளிடம் நேராக, இருவர் மட்டும் பேசுவது. அதுவரை ஆணுறை. அவளையும் சோதித்துப் பார்க்கச் சொல்லலாமா என்று சிலர் கேட்கிறார்கள். இருவருக்கும் ஹெச்எஸ்வி-2 இருந்தால் பரவல் பயமில்லை என்பது கணக்கு. ஆனால் அவளும் அறிகுறி இல்லாதவள்தானே. அவளுடைய தாளிலும் 1.4 என்றோ 2.1 என்றோ வந்தால், மேலே போட்ட கணக்கு முழுவதையும் அவளுக்கும் முதலிலிருந்து போட வேண்டியிருக்கும், அதற்கு அவள் தயாரா என்று சோதனைக்கு முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.